மரியாதையாக எழுதிய ஒரு வரி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு காலை. கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பதினொரு மணி வாக்கில், நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றே நம்பினேன். அதுவும் இங்கிலீஷில்.

எனக்கும் இங்கிலீஷுக்கும் உள்ள உறவு, ஒரே தெருவில் குடியிருந்தும் பேசிக்கொள்ளாத பங்காளிகளின் உறவு. பத்தாவது வரை தமிழில் படித்தேன், பிறகு ஐ.டி.ஐ. ஆனால் எங்கள் ஊரில் செய்கிற பம்புகள் கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போகின்றன. அங்கே ரிப்பேர் ஆனால் வழி சொல்ல ஆளில்லை என்று ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கும் நண்பர் ஒருவர் அடிக்கடி புலம்புவார். முப்பது வருட அனுபவத்தைப் பூட்டி வைத்து என்ன செய்ய என்று, ஐம்பத்திரண்டு வயதில் இங்கிலீஷில் ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அதை அமைத்துக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு வர்ற மாதிரி எழுதுங்கப்பா, போதும்" என்றாள். எனக்கு வந்ததெல்லாம் வியர்வைதான்.

முதல் பதிவு, உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்கும் மோட்டாரைப் பற்றி. அந்த வேலையைச் செய்யப் பத்து நிமிடம். எழுதப் பதினொரு நாள். லண்டனில் யாரோ ஒருவர் காபி குடித்துக்கொண்டே என் இங்கிலீஷைப் படித்துச் சிரிக்கிறார் என்று ஒவ்வொரு வரிக்கும் தோன்றும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே கவசத்தைப் போட்டுக்கொண்டேன்: மரியாதை. எங்கள் பக்கம் நாயைத் துரத்தினால்கூட 'போங்க' என்றுதான் துரத்துவோம். வரிக்கு ஒரு ப்ளீஸ், இரண்டு வரிக்கு ஒரு கைண்ட்லி. இவ்வளவு பணிவாக இருப்பவனிடம் யார் தப்புக் கண்டுபிடிப்பார்கள் என்ற கணக்கு.

மோட்டாரின் பின்னால் இருக்கும் ஃபேன் மூடியைக் கழற்றி, ஃபேன் மாட்டியிருக்கும் தண்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். அதற்கு முன்னால் பியூஸ் கட்டையைப் பிடுங்கியே ஆக வேண்டும். அதை நான் எழுதிய விதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தங்களுக்குச் சிரமமில்லை என்றால், முடிந்தால், பியூஸையும் கழற்றிக்கொள்வது பற்றித் தயவு செய்து யோசிக்கலாம்." அந்த வரியை இருபது தடவை திருத்தினேன். இருபது தடவையும் இங்கிலீஷைத்தான் பார்த்தேன். கரண்ட்டைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் வரை வாசகர்கள் மூன்று பேர். நான், மனைவி, மகள். அந்தக் காலையில்தான் நாலாவது ஆள் வந்தார். உகாண்டாவில் தோட்டம் வைத்திருப்பவர். பதிவுக்குக் கீழே எழுதியிருந்தார்: "என் மோட்டாரும் இப்படித்தான் உறுமுகிறது. மோட்டாரும் சுவிட்ச் பெட்டியும் உங்கள் ஊரில் செய்தவை. இப்போது இங்கே கரண்ட் இல்லை. அதனால் பியூஸைப் பற்றி யோசித்தேன், தேவையில்லை என்று விட்டுவிட்டேன். மோட்டார் கிணற்றுக்குள் இருக்கிறது, இறங்குகிறேன். நன்றி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு வாசகர், அதுவும் சிரிக்காத வாசகர். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மனைவியைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'சுவிட்ச் பெட்டி' என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பெட்டிகளில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும். போன கரண்ட் திரும்பி வந்தால், யாரும் தொடாமலே மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். விவசாயி நேரங்காலமில்லாமல் தோட்டத்துக்கு ஓட வேண்டாம் என்பதற்காகச் செய்தது அது. ஒருவர் உள்ளே கையை விட்டுத் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால், விரல்களோடு போனால் அதிர்ஷ்டம்.

போனில் பதில் தட்ட ஆரம்பித்தேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று வந்தது. அழித்தேன். 'கைண்ட்லி' என்று வந்தது.

"ஏனுங்க, மனுசன் கெணத்துக்குள்ள நிக்கறாரு. நீங்க கல்யாணப் பத்திரிகை அடிச்சுட்டு இருக்கறீங்க" என்றாள் மனைவி.

"பின்ன எப்படி அம்மிணி எழுதறது?"

"கைய எடு, பியூஸப் புடுங்குன்னு எழுதுங்க."

"முன்னப்பின்ன தெரியாத ஆளு அம்மிணி."

"தெரிஞ்ச ஆளா ஆகறதுக்கு அவரு உசுரோட இருக்கோணுமுங்க."

எழுதினேன். சார் இல்லை, ப்ளீஸ் இல்லை. என் வாழ்க்கையில் யாரையும் அப்படி அதட்டியதில்லை. அனுப்பினேன். பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களை வெளியில் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். நிமிடத்துக்கு ஒரு தரம் போனைத் தேய்த்தேன். பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காயில் ஆரம்பித்து நூற்றியெட்டு வரை போனேன். வெளிநாட்டுப் போலீஸ் கோவை கணபதி வரை வர முடியுமா என்று போனிலேயே தேடினேன். டீ என்று நினைத்து, காயிலுக்குப் பூசும் வார்னிஷ் இருந்த டம்ளரை வாய் வரை கொண்டுபோனேன், நாற்றம் காப்பாற்றியது. அந்தப் பதிவையே அழித்துவிட்டு, எழுதியது நானில்லை என்று இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். இதை மட்டும் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, கிணத்துக்கடவிலிருந்து ஒரு விவசாயி மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது. சுகமில்லீங்களா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தேன். வெற்றிலைக் கவருக்குப் பக்கத்தில் மூன்று வெள்ளைப் பியூஸ் கட்டைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இதை ஏனுங்க இத்தனை தூரம் கொண்டாந்தீங்க?"

"புடுங்கிப் பாக்கெட்டுல போட்டுட்டுத்தானுங்க மோட்டார்ல கைய வெப்போம். நாம இந்தப் பக்கம் வந்த நேரத்துல எவனாச்சும் போட்டுட்டான்னா? இதையெல்லாமுங்களா ஒருத்தர் சொல்லித் தரோணும்?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, பியூஸ் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும். முப்பது வருடமாக யாருக்கும் சொல்லாமலே பழகியவன், சொல்லியே ஆக வேண்டிய ஒருவரிடம் அதை உபசாரம் மாதிரிச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மணிக்குப் போன் சிணுங்கியது. திறக்கப் பயந்து மனைவியிடம் நீட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மூடியைக் கழற்றிக் கையை உள்ளே வைத்திருந்தேன். போன் மேலே என் மனைவியிடம் இருந்தது. உங்கள் பதிலைப் படித்ததும் என்னைக் கேட்காமலே அவள் பியூஸைப் பிடுங்கிவிட்டாள். கால் மணி நேரத்தில் வீட்டில் ரேடியோ பாட ஆரம்பித்தது. மோட்டார் அசையவில்லை. பிறகு சரி செய்து, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐயா, உங்கள் முதல் இங்கிலீஷ் மிகவும் அழகு. இரண்டாவது இங்கிலீஷ்தான் எனக்குப் புரிந்தது."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிய நேரத்தில்தான் நான் இங்கே நூற்றியெட்டுத் தேங்காய்க்குக் கடன்பட்டிருக்கிறேன்.

"பாத்தீங்களா, அங்கயும் ஒரு ஊட்டுக்காரியாலதான் ஆச்சு" என்று மனைவி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்றும் எழுதுகிறேன். என் இங்கிலீஷ் இன்னும் நொண்டுகிறது. ஒரு புண்ணியவான் உண்மையிலேயே கேலி செய்து எழுதினார், ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு பதிவின் தலையிலும் என் சட்டைப் பாக்கெட்டில் பியூஸ் கட்டை நிற்கிற படம் இருக்கும். அதற்குக் கீழே ப்ளீஸ் போடாத ஒரே ஒரு வரி. என்னைப் பார்த்து யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பதினொரு நாள் பயந்தவன், படிக்கிறவரின் கையை நினைத்து ஒரு நிமிடம்கூடப் பயப்படவில்லை என்பது, எழுத உட்காரும்போதெல்லாம் இன்னும் என் பாக்கெட்டில் கனக்கிறது.