மூக்குத்தி எந்தப் பக்கம்

அபிராமத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர் பால்சாமி. சுவருக்குப் பட்டி பார்க்கிற அந்தக் கையில் சின்னத் தூரிகையைக் கண்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்கிற உரிமையில் சிரிக்கவும் செய்தேன்.

காரணம் தெரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அவர் மனைவி பூமயில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது மகள் ஜோதிகா ராமேஸ்வரம் கடற்கரையில் அம்மாவோடு எடுத்த ஒரு செல்ஃபி. அதைப் பார்த்து, வருஷத் திதிக்குள் பூமயிலை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

முகம் வரையப் பழகுவதற்கு, முந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு ஐரோப்பிய ஓவியர் வரைந்த பெண்ணின் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். பாடம் யூடியூபில். தெரிந்ததை வரையாதே, கண்முன் இருப்பதை வரை என்று அதில் வாத்தியார் திரும்பத் திரும்பச் சொல்வார். எட்டு மாதத்தில் அந்தப் பெண்ணை ஆறு தடவை வரைந்தார். முதல் மூன்றும் பேய். ஆறாவதில்தான் கன்னத்துக்குள் ரத்தம் ஓடியது. "புது மதினி நல்லா இருக்காகளா?" என்று சீண்டுவேன். என் வாய் சும்மா இருக்காது.

பிறகு பூமயிலைத் தொடங்கினார். செல்ஃபியைப் பெரிதாக்கிக் கட்டம் போட்டு, ஒரு நரைமுடி விடாமல் பார்த்து வரைந்தார். சாமிக்குக் கண் திறப்பதைப் போலக் கண்ணைக் கடைசியில் எழுதினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

திதிக்கு முந்தின நாள் மதுரையிலிருந்து ஜோதிகா வந்தாள். வெகுநேரம் படத்தின் முன் நின்று அழுதாள். பிறகு தயங்கித் தயங்கி, "அய்யா, அம்மாக்கு மூக்குத்தி வலது பக்கம்ல? செல்ஃபில எடம் வலமாத் தெரியும்யா" என்றாள்.

"அதுக்கென்னண்ணே, அழிச்சு மாத்தி வைக்க அஞ்சு நிமிச வேலை" என்றேன் நான்.

பால்சாமி என்னைக் கவனிக்கவில்லை.

"வலதா? நெசமாவா ஆத்தா?"

"ஆமாய்யா."

"அந்த வெள்ளைக்காரிக்கு எந்தப் புருவம் தூக்கலா இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இவ போட்ட சோத்த இருவத்தாறு வருசம் தின்னேன். நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. நான் அவளப் பாக்கவே இல்லயே."

படத்தில் இடப் பக்கம் இருந்த மூக்குத்தியைத் துணியால் துடைத்து அழித்தார். தூரிகையை மகளிடம் நீட்டினார்.

"எங்கனன்னு நீயே வையி ஆத்தா" என்றார்.