தானாகத் திறக்கும் கதவு

நாங்கள் இறங்கும் ஹம் நகரம் வர இன்னும் இரண்டு நிலையங்கள் இருக்கும்போதே எழுந்துபோய் ரயில் கதவின் பொத்தானுக்குக் காவல் நிற்பேன்.

"கொஞ்சம் இருங்கோவன், கதவு ஓடிப்போகாது," என்பாள் மனைவி.

பொத்தான் பச்சையாக ஒளிர்ந்தால் இன்றைக்கும் எனக்கு எட்டு வயது.

ஊரில் போர் மூண்டு, ஆமி இளந்தாரிகளைப் பிடிக்கத் தொடங்கியதும் அப்பா முதலில் ஜெர்மனிக்குத் தப்பி வந்தார். இரண்டு வருடம் கழித்து அம்மாவும் நானும் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்கே போகும் ரயிலில் ஏறினோம். மேற்கின் முதல் நிலையத்தில் அப்பா நிற்பார். அதைத் தவறவிட்டால் அடுத்த இடத்தின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

ரயில் நின்றது. வெளிநாட்டில் கதவெல்லாம் தானாகத் திறக்கும் என்று மாமா சொல்லியிருந்ததால், கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள்போல் பக்தியோடு நின்றோம். வெளியே, புருவம்வரை கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் கண்ணாடியில் படபடவென்று அடித்தார்.

"ஆரோ விசரன், பைத்தியக்காரன். பாக்காதை," என்றார் அம்மா.

விசரன் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து, எங்களைப் பெட்டியோடு அள்ளி வெளியே எடுத்தார். ரயில் போய்விட்டது.

"இழுத்தாத்தான் திறக்குமப்பா," என்று மூச்சுவாங்கினார். அம்மா அந்தத் தொப்பியைக் கழற்றி, முகத்தைச் சரிபார்த்த பிறகுதான் அழுதார்.

மனைவி சொல்வது சரி, கதவு ஓடாது. ரயில் ஓடும்.