மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒட்டிய இழை

பள்ளி மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில், என் கையெழுத்தில், பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு ஒரே வாக்கியம் இருக்கிறது: "இழை அறுபடவில்லை." பக்கத்திலேயே தேதி, நேரம், அன்று மழை பெய்ததா என்பது. இவற்றில் சில பொய் என்று எனக்குத் தெரிந்தது பதின்மூன்றாவது வெள்ளி, காலை பத்தே காலுக்கு.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவள். பத்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. மிச்சத்தை நூலகத்தில் படித்தேன். கல்வெட்டுப் புத்தகங்களை அதிகம் படித்ததாலோ என்னவோ, நாள் குறித்து எழுதி வைக்காத எதுவும் நடக்காதது போலவே எனக்குத் தோன்றும். மகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியில் என்னைக் குழுத் தலைவியாகப் போட்டதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

மூன்றாம் வகுப்பு அறையில், ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். அதற்கு நேர் கீழே என் மகளின் பெஞ்சு. ஆடி மாதம் வந்து பார்த்த மாநகராட்சிப் பொறியாளர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. "விரிசல் நகருதுன்னா இடிச்சிட்டு புதுசா கட்டற லிஸ்ட்ல சேக்கலாம்மா. நகரலைன்னா பூசி, பெயின்ட் அடிக்கற லிஸ்ட்தான். ஐப்பசிக்குள்ள எனக்குத் தெரியணும். குறுக்க ஒரு கண்ணாடிச் சில்லு ஒட்டிப் பாருங்க, நகந்தா ஒடைஞ்சிடும்" என்றார்.

பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கண்ணாடி எதற்கு என்று நான்தான் சொன்னேன். தறியில் கட்டிய பாவிலிருந்து ஒற்றை இழை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே விறைப்பாக இழுத்து, இரண்டு முனையையும் பசை வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் அறுந்துவிடும். "காஞ்சிபுரம்னா காஞ்சிபுரம்தாம்மா" என்று அவர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பதின்மூன்றாவது வெள்ளி, விடாத மழை. பெஞ்சின் மேல் ஏறிப் பார்த்தேன். இழை இருந்தது. "அறுபடவில்லை" என்று எழுதப் போனவள், ஏனென்று தெரியவில்லை, விரலால் ஒருமுறை தடவினேன். நுனியில் ஏதோ தட்டியது. கண்ணுக்குத் தெரியாத முடிச்சு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நடுவில் அரை விரல் நீளத்துக்கு இழையின் நிறமே வேறாக இருந்தது.

கீழே முப்பது பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி மறுபடி இழையைத் தடவுவதை மகள் பார்த்துவிட்டாள். "இன்னாம்மா?" என்றாள். இறங்கினால் அந்த அதிர்வுக்கே ஏதாவது விழுந்துவிடுமோ என்று பயந்து, சுவரைத் தொடாமல் மெல்ல இறங்கினேன்.

பள்ளியில் பெருக்கித் துடைக்கிறவளும் நெசவு வீட்டுப் பெண்தான். நான் கேட்டதும் மறைக்கவே இல்லை.

"ஆமாங்க்கா, நாந்தான். அறுந்து தொங்கிக்கினு இருந்துது. பாத்துக்கினு சும்மா போவ முடியுமா? முடிச்சி வுட்டேன்."

"எத்தினி வாட்டி?"

"மூணு வாட்டி இருக்கும். கடைசி வாட்டி முனை ரெண்டும் எட்டல. முந்தானையில இருந்து ஒரு இழை உருவி ஒட்டுப் போட்டேன். ஏங்க்கா, முடிச்சி தெரியுதா?"

வேலை சுத்தமாக இல்லையோ என்பதுதான் அவள் கவலை. என்னால் கோபப்பட முடியவில்லை. அறுந்த இழையை அவள் இடத்தில் நான் பார்த்திருந்தாலும் என் கை அதைத்தான் செய்திருக்கும். அறுந்தால் நல்லது என்று ஓர் இழையை வைத்த நான், அதை அவளிடம் சொல்லி வைக்கவில்லை.

தலைமை ஆசிரியையிடம் ஓடினேன். அவருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும், "வெளக்குமாறு பட்டு அறுந்திருக்கும்மா. நகரலைன்னு போன வாரம்தானே நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்? இப்ப மாத்தினா இத்தினி நாளா இன்னா பண்ணீங்கன்னு கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும் டீச்சர். பசங்கள மொதல்ல வெளிய கூப்பிடுங்க."

சத்துணவுக் கூடத்துக்குப் பிள்ளைகளை மாற்றினோம். தகரக் கூரையில் மழைச் சத்தம். வகுப்பு டீச்சர் சொன்ன எதுவும் யார் காதிலும் விழுந்திருக்காது. பொறியாளருக்குப் போன் செய்தேன்.

"திங்கக்கிழமை மத்தியானம் லிஸ்ட் மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போவுதும்மா. உங்க ஸ்கூல் பெயின்ட் லிஸ்ட்ல இருக்குது. வெளக்குமாறு படலை, சுவர்தான் நகருதுன்னு நான் எதை வெச்சி சொல்றது?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. பழைய இழையைப் பிய்த்துவிட்டு, முறுக்கேறாத மெல்லிய இழை ஒன்றை அதே இடத்தில் ஒட்டினேன். அறையைப் பூட்டி, சாவியைப் புடவையில் முடிந்துகொண்டேன். திங்கள் காலை நேரில் வந்து பார்க்கும்படி பொறியாளரிடம் சொன்னேன். பதிவேட்டில் பழைய வரிகளை அடிக்கவில்லை. கீழே எழுதினேன்: "மேற்கண்ட பன்னிரண்டு பதிவுகளையும் நம்ப வேண்டாம். இழை முடியப்பட்டிருந்தது. பார்க்கத் தவறியது என் பிழை." அதை எழுத அரை மணி ஆனது.

சனியும் ஞாயிறும் மழை நிற்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் பலகை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. மகள் பென்சில் டப்பாவை அறையிலேயே விட்டுவிட்டாள். "சாவி உன்னான்டதானம்மா இருக்குது, ஒரு நிமிசம் எடுத்தாந்துடறேன்" என்று ஞாயிறு முழுக்க நச்சரித்தாள். ஒரு நிமிடம் என்ற சொல்லே எனக்கு ஆகவில்லை. பெஞ்சில் அவள் இத்தனை மாதம் உட்கார்ந்திருந்த நிமிடங்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்னொரு பயமும் இருந்தது, எழுதக் கூசுகிறது. இழை அறாமல் இருந்தால்? அப்போது பெயின்ட் அடித்து, அதே பெஞ்சில் அவளை மறுபடி உட்கார வைப்பார்கள். அறுந்திருந்தால், இத்தனை நாளும் அவளை அங்கே உட்கார வைத்தது என் பதிவேடு. எது வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

திங்கள் காலை எட்டரை மணிக்குப் பொறியாளர் வந்துவிட்டார். பூட்டைத் திறந்தேன். பெருக்குகிறவள் என் பின்னால் நின்றாள். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை. மகளின் டப்பாமேல் வெள்ளையாகப் பொடி உதிர்ந்திருந்தது.

இழை இரண்டாக அறுந்து தொங்கியது.

என் வலது கை தானாக மேலே எழுந்ததை நான் பார்த்தேன். பெருக்குகிறவள் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

பொறியாளர் போட்டோ எடுத்தார். பிறகு திரும்பி, "யாராவது உள்ள வந்தீங்களா? தொட்டீங்களா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்லீங்க சார்" என்றாள் அவள், எனக்கு முன்பாக.

பதிவேட்டை எடுத்தேன். தேதி போட்டு, நேரம் போட்டு, "மழை" என்றும் எழுதினேன். அதற்கு அடுத்த வார்த்தையை எழுதும்போது பேனா மூன்று இடத்தில் தடுக்கியிருப்பது இன்றும் அந்தப் பக்கத்தில் தெரிகிறது. அவர் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு மழையிலேயே வண்டியைக் கிளப்பினார்.