ஜன்னலோரத்துப் பவளம்

பவளம் என்றால் மோதிரத்தில் பதிப்பது என்று மட்டுமே தெரிந்த வீட்டில், அதை உயிரோடு வளர்க்கப் போகிறேன் என்று கிளம்பியவன் நான். அதுவும் கடல் இல்லாத விழுப்புரத்தில். என் மனைவி சிரிக்கவில்லை. எங்கள் தெரு போர் தண்ணீரே உப்புக் கரிக்கும்போது தனியாக வேறு உப்பு வாங்கிக் கொட்ட வேண்டுமா என்று கேட்டதோடு சரி.

மூன்று மாதம் ஒரு கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீரையும் கல்லையும் மட்டும் வைத்துப் பக்குவப்படுத்தினேன். வீட்டு மனிதர்களுக்கு ஒரு கேன் தண்ணீர் என்றால் தொட்டிக்கு நான்கு கேன். பிறகு ஒரு சனிக்கிழமை, திண்டிவனத்தில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கிளியனூர் வழியாகப் பாண்டிச்சேரி பஸ் ஏறி, கடல் மீன் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கிளை கிளையாக ஊதா நிறத்தில் நிற்கும் பவளத்தோடு மனதளவில் நிச்சயதார்த்தமே முடித்திருந்தேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதைக் காட்டவே மாட்டேன் என்றார். நம் கடலில் பெயர்த்தெடுத்தது எதுவும் தன்னிடம் கிடையாது, சட்டம் சும்மா விடாது, இருப்பதெல்லாம் தொட்டியில் வளர்த்துப் பிரித்தவை என்றும் சொன்னார். முதல் தடவை வளர்ப்பவருக்கு மஷ்ரூம் பவளமும், பச்சைப் புல் மாதிரி படரும் இன்னொன்றும் போதுமாம். மஷ்ரூம், ஊறிப்போன அப்பளத் துண்டு மாதிரி இருந்தது. தொட்டி மேல் ஒரு சின்ன விளக்கு, மெல்லிய நீரோட்டம், அப்புறம் நாம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது, இவ்வளவுதான் அதற்குத் தேவை. இரண்டையும் வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது, ஜன்னல் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், வெயில் பட்டால் தண்ணீர் சூடேறிப் பாசி பிடித்துவிடும் என்றார். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தொட்டி இருந்ததே ஜன்னல் பக்கம்தான்.

அந்த ஜன்னலின் மேல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் நல்ல வெளிச்சம் வரும் இடம் அது ஒன்றுதான். மனைவி தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். தையல் மெஷினை அங்கே போட வேண்டும் என்று அவள் கேட்க, தொட்டி அங்கே இருந்தால்தான் அழகு என்று நான் சொல்ல, பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. ஆயுத பூஜை வரை பவளம் உயிரோடு இருந்தால் ஜன்னல் எனக்கு. செத்தால் மெஷினுக்கு. கடைக்காரர் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு உண்டு.

சித்திரை வெயில் நேராகத் தொட்டிக்குள் இறங்கியது. ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டேன், தண்ணீருக்கு டேபிள் ஃபேன் போட்டேன், கண்ணாடியில் ஏறிய பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். எப்படியோ பவளம் பிழைத்துக் கிடந்தது. மனைவி கூடத்து மூலையில் டியூப் லைட்டுக்கு அடியில் தைத்தாள். கறுப்பு ஜாக்கெட் வந்தால் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். நானும் என்னவோ பெரிய உதவி செய்வதுபோல் கோத்துக் கொடுப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டைக் கழுவி, சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்ததும், மஞ்சள் தண்ணீர்ச் சொம்பையும் மாவிலையையும் மனைவி என் கையில் கொடுத்தாள். பைக், மோட்டார், மிக்சி, தையல் மெஷின் என்று தெளித்துக்கொண்டே வந்தவன், கைப்பழக்கத்தில் தொட்டிக்குள்ளும் மூன்று முறை தாராளமாகத் தெளித்துவிட்டேன். மஞ்சள் கலங்கலாகக் கீழே இறங்கியது. சற்று நேரத்தில் மஷ்ரூம்கள் பட்டாணி அளவுக்குச் சுருண்டன. புல் மொத்தமும் உள்ளே இழுத்துக்கொண்டது. பந்தயத்தின் கடைசி நாளில் என் கையாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

மனைவி பேசாமல் நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம், ஜன்னல் தானாக அவளுக்கு வந்திருக்கும். அவளோ கடைப் பையில் இருந்த நம்பரைத் தேடியெடுத்துப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். கால் பங்கு தண்ணீரை மாற்றினால் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்ன கடைக்காரர், தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"சாருகிட்ட அன்னிக்கே சொன்னேனேம்மா, ஜன்னல் கிட்ட மட்டும் வைக்காதீங்கன்னு. மஞ்சள் ஒரு நாள்ல போய்டும். வெயிலு தெனமும் இல்ல வருது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கெட்டில் உப்பைக் கரைக்கப் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. மஞ்சள் தெளித்ததற்காக அல்ல.

மறுநாள் யாரும் சொல்லாமலே தொட்டியைப் பக்கெட் பக்கெட்டாக இறைத்து, ஃபிரிட்ஜ் பக்கத்து மூலைக்கு மாற்றினேன். மெஷினை ஜன்னலோரம் போட்டேன். நான்காம் நாள் மஷ்ரூம் விரிந்தது. ஜன்னலில் இருந்த காலத்தில் ஒருநாளும் அப்படி விரிந்ததில்லை. பெருமை தாங்காமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "அதுக்கு வெயிலு ஆகாதுன்னு அவரு சொன்னாரு. எனக்கு வெளிச்சம் வேணும்னு நான் ஆறு மாசமா சொல்லிக்கினு இருந்தேன். நீங்க யாரு பேச்சத்தாங்க கேட்டீங்க?"