முடி வளரும் வரைக்கும்

எங்கள் அக்கா சிஸ்டராகப் போனது தெருவுக்கே தெரியும். திரும்பி வந்தது எங்கள் வீட்டில் இருந்த நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். எங்களைப் போன்ற அறிவாளிகள் அந்தத் தெருவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கோயில், பள்ளிக்கூடம், கன்னியர் மடம் மூன்றும் ஒரே மதில் சுவருக்குள் இருந்தன. சுவரை ஒட்டி எங்கள் தெரு. பாதிப் பேருக்குப் பிழைப்பே அந்தச் சுவருக்குள்தான். கீழ்வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டினார். எதிர்வீட்டம்மா சிஸ்டர்களுக்குத் துணி துவைத்துக் கொடுத்தாள். மாடியில் இரண்டே அறையில் நாங்கள். முன்னறையில் அப்பா பள்ளிக்கூடத்துச் சீருடை தைப்பார். தையல் மிஷின், அளவெடுக்க ஒரு ஸ்டூல், ஆளுயரக் கண்ணாடி, நீலத் துணி மூட்டைகள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை யாராவது ஒருத்தி அந்த ஸ்டூல் மேல் ஏறி நிற்பாள், அவள் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "வளர்ற பிள்ளை, கொஞ்சம் இறக்கமா வைங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அக்கா வெளியூர் மடத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் பெயரைச் சொல்லி அறிவித்தார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் அவள் படத்தை மாட்டினார்கள். காலை வழிபாட்டில், "தேவ அழைத்தலை ஏற்றுச் சென்ற நம் பள்ளியின் பிள்ளைகளுக்காக மன்றாடுவோம்" என்று பெரிய சிஸ்டர் மைக்கில் சொல்லும்போது அக்காவின் பெயரும் வரும். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டிக் கடையில் வரிசையை விலக்கி அவளை முன்னால் விட்டார்கள். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் என்னிடம் வந்து, "உங்க அக்காகிட்ட சொல்லி எனக்காக ஜெபம் பண்ணச் சொல்லுடி" என்பார்கள். நானே கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் கழிந்து, நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம், அக்கா ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காதெல்லாம் பெரிதாகத் தெரிந்தது. அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, என்ன ஏது என்று கேட்கவில்லை.

"மாடி ஏறும்போது யாராவது பாத்தாங்களா?" என்றுதான் கேட்டாள்.

"மழைம்மா. தெருவுல ஒருத்தரும் இல்ல."

அதற்குப் பிறகுதான் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

அக்காவை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று அவளே சொன்னாள். மடத்தில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்களாம். இவள்தான் படுக்கப் போனால் வீட்டை நினைத்து அழுதிருக்கிறாள். மிஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். பழகிவிடும், பழகிவிடும் என்று பார்த்திருக்கிறார்கள். கடைசியில், "நீ வீட்டுப் பிள்ளைம்மா, வீட்டுக்கே போ" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்காக ஏங்கி அழுது வந்தவளைத்தான் எங்கள் வீடு அப்படி வரவேற்றது.

"கொஞ்ச நாள் உள்ள இரு. முடி வளரட்டும்," என்றாள் அம்மா.

சரி, மொட்டைத் தலையோடு போய் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நியாயம்தான் என்று அக்காவும் தலையாட்டினாள். முடி கழுத்துவரை வளர்ந்தது. அப்போது பள்ளி திறக்கிற நேரம், முன்னறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். இந்தத் தையல் நெருக்கடி முடியட்டும் என்றாள் அம்மா. அது முடிந்தது. பெரிய சிஸ்டருக்கு மாற்றல் வரப்போகிறதாம், அவர் போகட்டும் என்றாள். பெரிய சிஸ்டர் போகிற வழியாக இல்லை. அக்காவின் முடி தோளைத் தாண்டி முதுகில் இறங்கியது.

அப்பா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "எத்தனை நாளைக்குத்தான் இப்படி? வெளிய விட்டுடலாமே."

"விட்டா? பள்ளிக்கூடத்துத் தையல் போயிடும். சிஸ்டரோட தங்கச்சின்னுதானே சின்னவளைச் சம்பளம் இல்லாம படிக்க வைக்கிறாங்க, அதுவும் போயிடும். தெருவே காறித் துப்பும். பரவாயில்லையா?"

அப்பா மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷனுக்கு நாக்கு என்று ஒன்று இருந்தது. ஊசியில் நூல் கோக்கும் முன்னால் நுனியை ஈரப்படுத்தத்தான் அது பயன்பட்டது.

பின்னறையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி, சுவர்ப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அம்மா மிச்சத் துணியில் திரை போட்டிருந்தாள். முன்னறையில் ஆள் இருந்தால் அக்கா நடக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அப்பா மிஷினை வேகமாக மிதிப்பார். சும்மா இருக்க முடியாமல் சட்டைகளுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கைபட்ட காஜாவில்தான் பட்டன் போட்டார்கள். வராந்தாவில் மாட்டியிருந்த படத்தின் கீழேயே கும்பலாக நின்று போட்டார்கள்.

ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. முன்னறையில் அம்மா விடும் கதைகளைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்போம். மூத்தவள் மடத்திலிருந்தே நர்ஸ் படிப்பு படிக்கிறாள் என்பாள். அடுத்த மாதம், ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அவளை நம்பி விட்டிருக்கிறார்கள் என்பாள்.

"இந்த வேகத்துல போனா வருஷக் கடைசிக்குள்ள என்னைப் பாப்பரசர் ஆக்கிடுவாங்க," என்று அக்கா என் காதில் கிசுகிசுப்பாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

காலை வழிபாடு ஜன்னல் வழியாக அவளுக்கும் கேட்கும். ஒருநாள், "உன் பேரைச் சொல்றது இங்க கேக்குதா?" என்றேன்.

"கேக்குது," என்றாள். "செத்துப்போனவங்களுக்கு வேண்டிக்கிற மாதிரி இருக்கு."

சிரிப்பு போனது எப்போது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது வருஷம், ஒரு மத்தியானம். அம்மா கடைக்குப் போயிருந்தாள், அப்பா துணி எடுக்கப் போயிருந்தார். அக்கா முடியைப் பின்னிக்கொண்டு, என் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். செருப்பு சின்னது, குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்டி. என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது, போக்கா," என்றேன். நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

கதவைத் திறந்தாள். ஒரு படி இறங்கியிருப்பாள். கீழே யாரோ செருப்பைக் கழற்றி விடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். திரும்பி ஓடி வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் மேலே வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு முடி வளர்ந்ததா, பெரிய சிஸ்டர் போனாரா என்று அவள் கேட்பதே இல்லை. நான் பேச்சுக் கொடுத்தாலும் காஜாவிலேயே கண்ணாக இருந்தாள்.

மூன்றாவது வருஷம் பெரிய சிஸ்டருக்கு ஒருவழியாக மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வீடு தேடி வந்தார். அளவெடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "மூத்தவ எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கா சிஸ்டர். இப்பத்தான் ஆஸ்பத்திரியில…"

"அதில்லம்மா. உள்ள இருக்காளே, அவளைக் கேக்கறேன்."

அப்பாவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. அம்மா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அவ வந்த வாரமே அந்த மடத்துலேருந்து போன் பண்ணிச் சொல்லிட்டாங்க," என்றார் பெரிய சிஸ்டர். "வருஷா வருஷம் நாலு பேர் போறாங்க, ரெண்டு பேர் திரும்பி வராங்க. இதுல என்னம்மா இருக்கு? நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன். நீங்க சொல்லல. மனசு கஷ்டப்படுவீங்களோன்னு பேரையும் எடுக்கல, படத்தையும் எடுக்கல. தெருவுல எல்லாருக்கும் தெரியும். அவங்களா சொல்றவரைக்கும் யாரும் கேக்காதீங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

தெருவே எங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா விட்ட கதைகளையெல்லாம் தெரிந்தேதான் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்லவர்கள். அந்த நல்லதனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள். "வாடி. எல்லாருக்கும் தெரியுமாம். ஒண்ணும் இல்லையாம். வெளிய வா கண்ணு."

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வெள்ளைச் சட்டை. எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்மா," என்றார் பெரிய சிஸ்டர்.

"மூணு வருஷமாவா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப ஒருத்தர்கூட மேல வந்து என்னைக் கூப்பிடலையே."

பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா எழுந்தாள். வருகிறாள் என்றே நினைத்தோம், அம்மா கையைக்கூட நீட்டினாள். நிலைப்படி வரை வந்தவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அம்மா கெஞ்சாத நாளில்லை. கடைக்குக் கூப்பிட்டாள், கோயிலுக்குக் கூப்பிட்டாள், ஒருநாள் கதவுக்கு வெளியே தரையில் விழுந்து அழுதாள். முன்னறையில் நாங்கள் மட்டும் இருந்தால் அக்கா வருவாள், சாப்பிடுவாள், பேசுவாள். படியில் காலடிச் சத்தம் கேட்டால் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். டாக்டரைக் கூட்டி வந்தோம், கதவு திறக்கவில்லை. அப்பா போனார், மிஷின் போனது. நான் அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனேன்.

அம்மா சாகக் கிடந்தது முன்னறையில்தான். இரண்டு நாளாக வீடு நிறைய ஆட்கள். கீழ்வீட்டம்மா, எதிர்வீட்டம்மா, பங்குச் சாமியார், மடத்துச் சிஸ்டர்கள், நல்லவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "மூத்தவளை ஒரு தடவை வரச் சொல்லு," என்றாள்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். "அக்கா, அம்மா உன்னைத்தான் கேக்கறாங்க. தாங்காது போலிருக்கு."

கதவுக்குப் பின்னால் ஒட்டினாற்போலத்தான் நின்றிருக்கிறாள். அவள் அழுவது எனக்குக் கேட்டது.

"அவங்கல்லாம் போகட்டும்டி," என்றாள். "போனதும் வரேன்."

அவர்கள் போகும்போது அம்மாவையும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.