சிங்கப்பூர் பக்கம் கூட்டமே இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு செல்போனை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். பொதுவாகத் தூங்கவைக்கத்தான் தட்டுவோம். இதைத் தட்டியது... தூங்கிவிடக் கூடாது என்பதற்காக!

போன் என்னுடையதல்ல. கீழ்வீட்டு ஷபானாவுடையது.

ராயபுரத்தில் என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் குடும்பத்தின் கடைசிப் பெண். இருபத்தைந்து வயது. போன மாதம்தான் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக் வேலை. லீவு முடிந்து அவர் முன்னால் போய்விட்டார். இவளுக்கு விசா வந்து, அன்றைக்கு இரவு ஃப்ளைட். மதியம் பிரியாணி, தாளிச்சா, பிரெட் அல்வாவோடு வழியனுப்பு விருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் எதற்குக் கூப்பிட்டாலும் யோசிப்பேன், பிரியாணிக்கு மட்டும் யோசிப்பதில்லை.

சரி, சாப்பிடப் போனவள் கையில் அந்தப் பெண்ணின் போன் எப்படி வந்தது?

ஷபானாவுக்கு இன்னொரு முகம் உண்டு. அவள் ஒரு கேம் பிளேயர். நாலு பெண்கள் கொண்ட டீம். கேப்டன் வியாசர்பாடி கல்பனா, ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. மற்ற இருவர் காசிமேடு ஜெனி, கொருக்குப்பேட்டை ரேகா. டோல்கேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்து படித்தவர்கள். கோர்ஸில் படித்தது மறந்துபோய்விட்டது, விளையாட்டு மட்டும் விடாமல் தொடர்கிறது. ஆளுக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். "சுட்றீ! பின்னால வந்துகினு கீறான் பாரு... விடாத, சுடு!" என்று கீழ்வீட்டிலிருந்து முதன்முதலில் சத்தம் வந்தபோது, நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். இப்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் என்னவோ ஏதோ என்றிருக்கிறது.

இந்த நாலு பேரும் மாதக்கணக்கில் காத்திருந்த ஒரு புது கேம், உலகம் முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ரிலீஸ். பெயர் வேண்டாம், சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். அதில் ஒரு சட்டம். முதன்முதலில் எந்த நாட்டு சர்வரில் நுழைகிறோமோ, கடைசிவரை அந்த சர்வர்தான். இந்தியா என்றால் இந்தியா, வளைகுடா என்றால் வளைகுடா. ஒரு சர்வர்காரர் இன்னொரு சர்வர்காரரோடு சேர்ந்து ஆட முடியாது. முன்பதிவு செய்த நம்பரைத் தவிர வேறு நம்பரிலும் வர முடியாது.

புரிகிறதா? ஷபானா விமானம் ஏறுவதற்கு முன்னால் இந்தியா சர்வருக்குள் காலை வைத்துவிட்டால், ஷார்ஜாவிலிருந்தும் தோழிகளோடு ஆடலாம். தவறவிட்டால், அங்கே போய்த் திறக்கும்போது, இருக்கிற ஊர்க்கணக்கில் அவள் வளைகுடாக்காரி. டீம் அதோடு முடிந்தது. ஒன்றும் தெரியாத ஊருக்கு, ஒரு மாதம்கூடப் பழகாத புருஷனை நம்பிப் போகிற பெண்ணுக்கு, தினமும் ஒரு மணி நேரம் தோழிகளின் குரல் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் இந்தியா சர்வர்... அது திறந்த வேகத்திலேயே படுத்துவிட்டது.

சிங்கப்பூரில் ஆடுகிறார்கள். துபாயில் ஆடுகிறார்கள். ஜெயித்த திரையைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் வேறு காட்டுகிறார்கள். நமக்கு மட்டும் ஒரு கறுப்புத் திரை, "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்" என்று ஒரு வாசகம், அதற்குக் கீழே படிக்கவே மூச்சு வாங்குகிற ஒரு எண். நாடு முழுக்க ஒரே வாசலில் முண்டியடித்தால் வாசல்தான் என்ன செய்யும்? கரன்ட் போவதானாலும் தண்ணீர் நிற்பதானாலும் முதலில் எங்கள் ஏரியாவுக்குத்தான் என்று அலுத்துப் பழகியவள் நான். வசதியான அடையாறில் இருக்கும் என் அண்ணன் மகனும் அதே வரிசையில்தான் நிற்கிறான் என்று தெரிந்தபோது, உண்மையைச் சொல்கிறேன்... கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது.

அந்த வரிசைக்கும் ஒரு கெடுபிடி. கொஞ்ச நேரம் திரையைத் தொடாமல் விட்டால், கடைசிக்குத் தள்ளிவிடுமாம். ஷபானாவோ இரண்டு கையிலும் முழங்கை வரை ஈர மருதாணியோடு, சிலுவையில் அறைந்த மாதிரி கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா சூட்கேஸ் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்போடு மல்லுக்கட்டுகிறார். நெத்திலிக் கருவாடு போகலாமா கூடாதா என்று ஒரு கோஷ்டி சண்டை. போனை யார் பார்ப்பது?

அப்போது களத்தில் இறங்கினார் ஜுலேகா மாமி. ஷபானாவின் தாய்மாமன் மனைவி. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் வரிசையை ஒழுங்கு செய்வது அவர்தான். எங்கள் பக்கத்தில் குடம் வைத்தால் ஆள் நிற்பதாக அர்த்தம். குடத்துக்காரி வேலைக்குப் போயிருப்பாள், பிள்ளைக்கு சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். வரிசை நகர நகர, பின்னால் நிற்பவள் தன் குடத்தோடு அந்தக் குடத்தையும் காலால் தள்ளிவிடுவாள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

மாமி போனை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாடி இது?"

"லைன்ல கீது மாமி. நகுந்துகினே வருது. அப்பப்ப ஒரு தபா தொடணும், அவ்ளோதான்."

"அட, கொடம் போட்ட கத மாரிதான? இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற? நீ கைய காய வை. நாங்க பாத்துக்கறோம்."

அவ்வளவுதான். போன் கைமாறத் தொடங்கியது. வெங்காயம் நறுக்குகிறவள் கையிலிருந்து தயிர் கலக்குகிறவள் கைக்கு, அங்கிருந்து பிள்ளையைத் தொடையில் போட்டிருந்தவள் கைக்கு. அது என்ன கேம், யார் யாரைச் சுடுவது... ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் வரிசையில் இன்னொருத்தியின் இடத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஷபானா நிம்மதியாக உள்ளறைக்குப் போய்விட்டாள். என் முறை வந்தது. நானும் தட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கேள்வி முளைத்தது. ஆங்கிலத்தில். பக்கத்தில் இருந்த மாமி, "இன்னா கேக்குது, பத்திரிகைக்காரம்மா?" என்றார்.

"இந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தியாம். சிங்கப்பூர் பக்கம் கூட்டமே இல்லையாம். அங்கே போறீங்களான்னு கேக்குது."

"இதுல கேக்க இன்னா கீது? பக்கத்துத் தெரு பம்புல ஆளு இல்லன்னா கொடத்த அங்க தூக்கிகினு போவ மாட்டமா?"

நியாயமாகத்தானே இருக்கிறது? கேள்விக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னும் ஒரு வரி இருந்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நான் தலையாட்ட, மாமி குறுக்கே விரலை நீட்டி "ஆம்" என்பதை அமுக்கிவிட்டார்.

கறுப்புத் திரை மறைந்தது. வண்ண வண்ணமாக வெளிச்சம், தடபுடலாக இசை! "வந்துருச்சு!" என்று வீடே கை தட்டியது. ஷபானா மருதாணிக் கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். மூலையில் சின்னதாக 'சிங்கப்பூர்' என்றிருந்தது.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கு 'நோ' குடுக்கணும்னு சொல்லாம வுட்டேனே..." என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எறும்பு ஊர்ந்த வரியை அவளே படித்துக் காட்டினாள். ஒருமுறை தேர்ந்தெடுத்த பகுதியை மாற்ற முடியாதாம். கையிலிருந்த பிரெட் அல்வாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு போனில் வீடியோ கால் போட்டுக் கல்பனாவைப் பிடித்தோம். ஜெனியும் ரேகாவும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் இன்னும் இந்தியா வரிசையில்தான். கல்பனா வாசலுக்கு ரொம்பவே பக்கத்தில் வந்துவிட்டாள். எந்த நிமிஷமும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"யாருடி அமுக்குனது?" கல்பனாவின் குரலில் அனல்.

ஜுலேகா மாமி போனுக்கு முன்னால் போய் நின்றார். "நான்தாம்மா. இவ இடம் போயிடக் கூடாதேன்னு அமுக்கிட்டேன். எனக்கு இன்னாம்மா தெரியும்..." மாமியின் கண்ணில் தண்ணீர். லாரிக்காரரிடமே குரலை இறக்காத ஜுலேகா மாமி! "படிச்சுச் சொன்னது நான்தான் கல்பனா" என்று நானும் முனகினேன்.

கல்பனாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்தியா சர்வரில் சேரும் டீம்களுக்கு மட்டும் ஒரு பெரிய போட்டி அறிவித்திருந்தார்கள். பெண்கள் டீமாகப் போய் அதில் ஒரு கை பார்க்க வேண்டும் என்று ஸ்கேன் சென்டரில் லீவு சொல்லி வைத்து, ஆறு மாதமாகக் காத்திருந்தவள் கல்பனா. சிங்கப்பூர் சர்வரில் அந்தப் போட்டி கிடையாது.

ரேகா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "என் அத்த பொண்ணு நல்லா ஆடுவாக்கா. போட்டிக்கு மட்டும் நாலாவது ஆளா..."

"ஆமாங்கா, போட்டுக்கோங்க. ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றாள் ஷபானா, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. வீட்டில் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தோம். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"ஏய் ஷபானா, நீ சும்மா கிட" என்றாள் கல்பனா. "கப்பு இது இல்லாங்காட்டி வேற ஒண்ணு. இவ தனியா போயி அங்க யாராண்ட பேசுவா? ஜெனி, ரேகா... அந்தக் கேள்வி வரும்ல, 'எஸ்' குடுங்கடி. ஜல்தி! நான் உள்ள போயிட்டேன்னா அப்பால வர முடியாது."

அவளே முதலில் அமுக்கினாள். அப்புறம் ஜெனி, அப்புறம் ரேகா. ஷபானாவின் திரையில் ஒவ்வொரு பெயராக வந்து நின்றது. நாலாவது பெயர் வந்ததும் வீட்டில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பல பேர் கூடி முடிவெடுக்கும் எத்தனையோ இடங்களில் நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருக்கிறேன். கையில் இருப்பதை இன்னொருவருக்காக இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தவரை எங்கும் பார்த்ததில்லை.

ஷபானா நேராகப் போய் மருதாணியைக் கழுவிவிட்டு வந்தாள். "அய்யய்யோ, கலரே புடிச்சிருக்காதே!" என்று அம்மா பதற, அரைகுறை ஆரஞ்சுக் கைகளோடு ஆட உட்கார்ந்துவிட்டாள். "மெய்யாலுமே சூப்பருடி! சும்மா வழுக்கிகினு போவுது" என்றாள் ஜெனி. கடலுக்கடியில் கேபிள் போகிறதாம், சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஒன்றும் தூரமில்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு நாடே இந்தியா வாசலில் நின்ற நேரத்தில், எங்கள் ராயபுரத்துப் பெண் கடல் தாண்டிப் போய் ஆடிக்கொண்டிருந்தாள். கார் வந்து ஹாரன் அடிக்கும்வரை.

சிக்கல் இல்லாமல் இல்லை. ஷார்ஜாவிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் ரொம்ப தூரம். இவள் சுட்டால் குண்டு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புமாம்.

எந்த சர்வர் நிற்கும், எந்த சர்வர் படுக்கும் என்பது நம் கையில் இல்லை. அதை எங்கோ குளிரூட்டிய அறையில் யாரோ பார்த்துக்கொள்வார்கள். வாசல் மூடிக்கிடக்கும்போது யாரை விட்டுவிட்டு உள்ளே போகிறோம், யாரைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பது மட்டும் எப்போதும் நம் கையில்தான் இருக்கிறது, இல்லையா?

முந்தாநாள் முட்டி வலிக்கு எக்ஸ்ரே எடுக்க கல்பனா வேலை பார்க்கும் சென்டருக்கே போனேன். ஷபானா ஷார்ஜாவில் சமையல் பழகுகிறாளாம், ராத்திரியில் தவறாமல் ஆட வந்துவிடுகிறாளாம்.

"ஆட்டமெல்லாம் எப்படிப் போகுது?" என்று குற்ற உணர்ச்சியோடு கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க! அவ சுடறதுக்குள்ள நாங்க செத்துப்போறோம். ஆடுன அத்தினியும் தோல்விதான்" என்றாள் கல்பனா, முகமெல்லாம் பல்லாக. "ஆனா நாலு பேருமா தோத்தோம்க்கா!"