நெருப்புக்குப் போன ஆரஞ்சு பனியன்

காலை ஆறரை மணி. பெருமாநல்லூரில் என் மச்சானின் கம்பெனி வாசலிலிருந்து குட்டியானை வண்டி கிளம்பியது. பின்னால் பத்து மூட்டை பனியன். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. முதுகில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர், அதன் கீழே பொடியாகக் 'காடு காப்போம்'. உடுமலைக்குத் தெற்கே மலை எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனவர்களுக்கு எங்கள் ஊர் அனுப்பும் சீர் இது. முதல் மூட்டை முந்தின நாளே கம்பெனி சூப்பர்வைசரின் காரில் போய்ச் சேர்ந்து, போட்டோவும் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் எட்டுப் பேர், வெயிலில் முகம் சுளித்து, ஒரே நிறத்தில்.

"நீங்க எழுதற ஆளுங்க மாப்ள. கண்ணால பாத்துட்டு வந்து பத்திரிகைல நாலு வரி போடுங்க," என்றார் மச்சான். "இன்னும் ரெண்டு போட்டோவும் எடுத்துருங்க. நேத்து அத்தன பேரும் முன்னாடி பாத்து நின்னுட்டாங்க. பேரு முதுகுலதானுங்க இருக்குது!"

டிரைவர் முருகேசனுக்கு விருதுநகர்ப் பக்கம். திருப்பூர் தாண்டும்வரை வாய் திறக்காதவர், பல்லடத்துக் கோழிப்பண்ணைகள் வந்ததும் கேட்டார்.

"ஏண்ணே, தீப்பிடிச்ச மலைக்குத் தண்ணி லாரியில்ல அனுப்பணும்?"

"லாரி ஏறாதுப்பா. பச்சைக் கிளைய ஒடிச்சு அடிச்சுத்தான் அணைக்கணும்."

"அப்ப பனியன வச்சா அடிப்பாக?"

சிரித்தேன். அந்தச் சிரிப்பு குடிமங்கலம் வரை தாங்கியது. அங்கே காற்றாலைகளின் இறக்கைகள் சோம்பலாகச் சுற்ற, தெற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. அழுக்குத் தண்ணீர் தேங்கியதுபோல ஒரு சாம்பல் நிறம், அதற்குள் மூழ்கிய வானம். ஒன்பது மணிச் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது; செல்லாத காசுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

உடுமலை தாண்டி அமராவதி சாலையில் பத்துக் கிலோமீட்டர் போனதும் டீக்கு நிறுத்தினோம். டீ பதினைந்து ரூபாய். சாம்பல் செதில் ஒன்று பறந்து வந்து டம்ளருக்குள் விழுந்தது, அதற்குக் காசில்லை. எங்கோ எரிந்த இலையின் நரம்புகூட அதில் அழியாமல் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் சாய்ந்து நின்றேன். ஒரு மூட்டையின் தையல் விட்டு, பனியன் விளிம்பு எட்டிப் பார்த்தது. என் விரல் தானாக ஒரு நூலை உருவியது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் துணி வாங்குகிறவன் யாரும் விற்கிறவன் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு நூலை உருவுவான், தீக்குச்சி காட்டுவான். பருத்தியென்றால் எரிந்த காகித வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். பாலியஸ்டர் என்றால் சுருங்கும், உருகும், கறுத்த கடுகாக உறையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை.

முருகேசனிடம் தீப்பெட்டி வாங்கி உரசினேன். நூல் சுருண்டது. ஒரு துளி என் கட்டைவிரலில் விழுந்தது. உதறினேன், போகவில்லை. ஒட்டிக்கொண்டே எரிந்தது.

ஒரு துளிக்கே நான் துள்ளினேன். எட்டுப் பேர் இதை உடம்பு முழுக்க மாட்டிக்கொண்டு நெருப்புக்கு எதிரே நிற்கிறார்கள்.

முழம் துணியைக்கூட நெருப்பில் காட்டாமல் வாங்காத ஊர், நெருப்புக்கே துணி அனுப்பும்போது ஒரு குச்சி உரசவில்லையே! ஏற்றும்போது கூடவே நின்ற எனக்கும் தோன்றவில்லையே! மச்சானை அழைத்தேன், எடுக்கவில்லை. மலையடிவாரத்து வனவர் எண்ணுக்குச் சிக்னல் இல்லை. "விடுப்பா வண்டிய," என்றேன். முருகேசன் மறுபேச்சின்றி மிதித்தார்.

சோதனைச்சாவடிக்கு முன்னாலேயே புகை சாலைக்கு இறங்கியிருந்தது. பகலில் ஹெட்லைட் போட்டுப் போனோம். குரங்குகள் தாரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, வண்டிக்கு விலகக்கூடத் தெம்பில்லாமல். மேலேயுள்ள மலைக் குடியிருப்பின் பெண்களையும் குழந்தைகளையும் இறக்கி ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். கொட்டகை முழுக்க இருமல். ஒரு குழந்தை இருமி முடிக்குமுன் அடுத்தது தொடங்கியது. முருகேசன் சீட்டுக்கடியில் வைத்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டையைப் பிரித்தார். வண்டி துடைக்க வைத்திருந்த வெட்டுத் துண்டுகள், அசல் பருத்தி. நனைத்து ஒவ்வொரு முகத்திலும் கட்டச் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் கொண்டு போனதில் உதவியது அந்தக் கழிவு ஒன்றுதான்.

வனவரிடம் நூலைக் கொளுத்திக் காட்டினேன். மூன்று நாள் தாடி, இரத்தமாய்க் கண்கள். உடனே வாக்கிடாக்கியை எடுத்தார்.

"எல்லாரும் அந்த ஆரஞ்சு சட்டையக் கழட்டுங்க. இப்பவே."

கரகரத்துப் பதில் வந்தது. "கழட்டுனா வெறும் உடம்புங்க சார். பழைய சட்டைய அங்கயே அவுத்து வைக்கச் சொன்னாங்களே."

திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக் கம்பியில் எட்டுச் சட்டைகள் தொங்கின. சாயம் போன, ஒட்டுப் போட்ட, பருத்திச் சட்டைகள். போட்டோவில் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்று சூப்பர்வைசர் கழற்ற வைத்தவை.

"அந்த ஆரஞ்சு சட்டை உங்களதுங்களா?" கம்பிக்குப் பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். பெயர் பொன்னி. அவள் கணவன் வெள்ளையன், அந்த எட்டுப் பேரில் ஒருவன், மேலே இருந்தான். "புதுச உடுத்தீட்டுப் போய் கரியாக்காதேன்னு சொன்னேன். சட்டை கெட்டுப் போவும்னு பயந்தேனுங்க, சட்டைக்கு."

அவள் எட்டுச் சட்டைகளையும் உருவிக் குடத்துத் தண்ணீரில் முக்கிச் சுருட்டினாள். வனவர் தடுத்தார்.

"நீங்க போகக் கூடாதும்மா. ஆள் அனுப்பறேன்."

"உங்க ஆளுக்கு வழி தெரியுமா? நான் பொறந்த மலைங்க."

மூட்டையைத் தலையில் வைத்து அவள் நடக்க, ஒரு காவலர் பின்னால் ஓடினார். முதல் வளைவைத் தாண்டவில்லை. மேலிருந்து இரண்டு பேர் ஒருவனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காற்று திரும்பி, எரிந்த கிளை ஒன்று அவன்மேல் சரிந்ததாம். மற்றவர்களுக்குக் கையில் காலில் பொட்டுப் பொட்டாகச் சூடு. இவனுக்கு வலது தோளிலிருந்து பாதி முதுகு. பனியன் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

வெள்ளையன்தான்.

பொன்னி சட்டை மூட்டையை மற்ற இருவரிடமும் நீட்டினாள். "இதப் போட்டுட்டு மேல போங்க. இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க." பிறகுதான் கணவனின் முகத்தைப் பிடித்தாள்.

மூட்டைகளை ஓரமாக ஒதுக்கி அவனைக் குப்புறப் படுக்க வைத்து உடுமலைக்கு விட்டோம். ஒட்டிய துணியை யாரும் இழுக்கவில்லை. பொன்னி வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா ஒட்டாத இடங்களை மட்டும் கத்தரித்தார். "உயிருக்குப் பயமில்ல. ஆனா இந்தத் துணிய உரிச்சாகணும். தோலோடதான் வரும்," என்றார். வெள்ளையன் என்னைப் பார்த்துக் கேட்டான். "தீ நம்ம ஊட்டுப் பக்கம் எறங்கிருச்சுங்களா?" இந்த முறை வனவர் எண் கிடைத்தது; கேட்டுச் சொன்னேன். இறங்கவில்லை. பழைய சட்டைக்காரர்கள் ஓடைக்கு அந்தப்பக்கமே நிறுத்திவிட்டார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பொழுது சாய பெருமாநல்லூர் திரும்பினேன். பத்து மூட்டையும் அப்படியே. வழியெல்லாம் என் சட்டையில் புகை நாற்றம், எனக்குள் ஒரு சண்டை. மச்சானுக்குத் தெரியாமல் நடந்திருக்கும், பேக்கிங் ஆள் மூட்டையை மாற்றிக் கட்டியிருப்பான், ஏதோ ஒன்று. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

வாசலில் மச்சான் நின்றார். "போன எடுக்க முடியலைங்க மாப்ள, மீட்டிங்கு. போட்டோ எடுத்தீங்களா? பேரு தெரியுதுங்களா?"

நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். நான் தீப்பெட்டியை நீட்டினேன்.

"ஒரு நூல உருவிப் பாருங்க மச்சான்."

அவர் தீப்பெட்டியைத் தொடவில்லை. "பாலியஸ்டருன்னு எனக்குத் தெரியாதுங்களா? கேன்சலான ஆர்டருங்க, மேல நம்ம பேர மட்டும் புதுசா அடிச்சோம்," என்றார். பிறகு மெல்ல, சத்தியமாகவே வருத்தத்தோடு சொன்னார். "போட்டோவுக்குப் போட்டுட்டுக் கழட்டி வச்சுருவாங்கன்னு நெனச்சேன், மாப்ள. அதையே போட்டுட்டு அணைக்கப் போவாங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

அவருக்குப் பின்னால் இரவு ஷிப்டுக்கு விளக்குகள் எரிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கின. அந்த வெளிச்சத்தில் என் கட்டைவிரலைப் பார்த்தேன். கறுத்த கடுகு இன்னும் அங்கேதான் இருந்தது. நகத்தால் கீறினேன். தோலோடுதான் வந்தது.